ஒத்திகையில் கிடைத்த இடமாற்றம்

கதிரையில் ‘கதிரை’ என்று எழுதி ஒட்டியிருந்தது. மேசையில் ‘மேசை’. சுவரில் இருந்த மணிக்கூட்டுக்குக் கீழே ‘மணிக்கூடு’. முகட்டில் சுற்றாமல் தொங்கிய விசிறிக்கும் ஒரு துண்டு இருந்தது, அதில் ‘விசிறி, ஓய்வில்’ என்று போட்டிருந்தார்கள். எந்த வலயத்துக் கல்விக் கந்தோர் என்று யாரும் கேட்க வேண்டாம். இது கதைக்கென்று கட்டிய கந்தோர். ஆனால் கதைக்காகவும் இவ்வளவு துண்டு ஒட்டுவார்களா என்று கேட்டால், ஒட்டுவார்கள், மதிப்பீடு வருகிறது என்றால் ஒட்டுவார்கள்.

மதிப்பீட்டின் முழுப்பெயர் ‘மனிதவளச் சேவைத் தர மதிப்பீடு’. ஆசிரியர்களுக்கு லீவு, இடமாற்றம், பதவியுயர்வு, ஓய்வூதியம் எல்லாம் எவ்வளவு நேர்த்தியாக, எவ்வளவு கெதியாக நடக்கின்றன என்று மாகாணத்திலிருந்து ஒரு குழு வந்து பார்த்துப் புள்ளி போடும். முதலிடம் வந்த வலயத்துக்கு ஒரு கேடயம். போன வருஷம் இந்தக் கந்தோருக்கு இரண்டாமிடம். இரண்டே புள்ளியில் கேடயம் தவறியது. குழு வந்த நேரம் ஒரு மேசையில் ஒரு கோப்பு திறந்து கிடந்ததாம். கோப்பு மேசையில் கிடந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

அந்தக் கவலையில் பிரதிப் பணிப்பாளர் அப்துல் ஸமட் சேர் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொல்வார்கள். பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் எந்த மேசையிலும் எந்தக் கோப்பும் இருக்கக் கூடாது. எல்லாக் கோப்பும் ஒரு பெரிய இரும்பு அலுமாரிக்குள் போயின. அலுமாரிக்கு முதலில் ‘நிலுவைக் கோப்புகள்’ என்று பெயர் ஒட்டினார்கள். நிலுவை என்ற சொல்லுக்கே ஒரு புள்ளி வெட்டுவார்கள் என்று யாரோ எச்சரித்ததும், அதைக் கிழித்துவிட்டு ‘எதிர்காலத் திட்டங்கள்’ என்று ஒட்டினார்கள். நதீராவின் இடமாற்ற விண்ணப்பம் அந்த எதிர்காலத்துக்குள்தான் கிடந்தது.

நதீரா கல்முனைக்குடிக்காரி. படிப்பித்ததோ இறக்காமத்துக்கும் அப்பால், ஒரு குளக்கட்டுக்குக் கீழே இருந்த அறுபத்தொரு பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், ஒன்பது வருஷமாக இரண்டாம் வகுப்புக்கு. விடிய ஐந்து மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால், அக்கரைப்பற்றில் பஸ் மாறி, இறக்காமத்தில் இறங்கி, இன்னும் மூன்று டீச்சர்மாரோடு ஓட்டோவில் நெருங்கி உட்கார்ந்து போய்ச் சேர ஏழரை ஆகும். வயலுக்குள் யானை இறங்கிய நாட்களில் அதை விரட்டி முடியும்வரை ஓட்டோ நகராது. அன்றைக்கு வரவுப் பதிவில் அவளுடைய பெயருக்கு மேலே, பிந்தி வந்தவள் என்று சிவப்புக் கோடு விழுந்துவிடும். யானையின் பெயருக்குக் கோடு போட அந்தப் பதிவில் இடமில்லை.

இதையெல்லாம் அவள் ஒன்பது வருஷம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். பொறுக்க முடியாமல் போனது பாயிஸுக்கு வந்த வருத்தம். பாயிஸ் அவளுடைய புருஷன், கடற்கரையில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன். எத்தனையோ எஞ்சின்களை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பூட்டியவன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு திங்களும் வியாழனும் நாலு மணித்தியாலம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் பண்ணும் மெஷினோடு படுத்திருக்க வேண்டி வந்தது. அந்த மெஷினுக்கு முன்னால் மட்டும் அவன் சின்னப் பிள்ளையாகிவிடுவான். ஒரு லீவு நாளில் நதீரா கூடப் போனபோது, நாலு மணித்தியாலமும் அவளுடைய கையை விடவில்லை.

“நீ பக்கத்துல இரிந்தா அந்தச் சத்தம் கேக்குதில்ல புள்ள,” என்றான்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். திங்களும் வியாழனும் பள்ளிவிட்டு ஓடிப் போய் அவனுக்குப் பக்கத்தில் உட்காரக் கூடிய தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையைக் கொண்டு வருகிற ஊர் அது, மாமியார் மருமகள் வீட்டில் வந்து தங்குகிற வழக்கம் இல்லை. ஆனாலும் பாயிஸின் உம்மா, ஊர் என்ன கதைத்தாலும் கதைக்கட்டும் என்று உடுப்பு மூட்டையோடு வந்து, ஏலாத முழங்காலை இழுத்துக்கொண்டு மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்று இல்லை, மகனின் கையில் ஊசி ஏறுவதைப் பார்க்க அவளுக்கு மனம் வராது. வெளியே வாங்கில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணிமாலை உருட்டுவாள்.

பெப்ரவரியில் நதீரா விண்ணப்பம் கொடுத்தாள். டொக்டரின் கடிதம், கிளினிக் புத்தகத்தின் பிரதி, கிராம சேவகரின் உறுதி எல்லாம் வைத்திருந்தாள். பொறுப்பான எழுதுவினைஞன் சரீப் நல்ல பொடியன், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றும் குறைவில்லை என்றான். அவனுக்குப் பின்னால் சுவரில் ‘இடமாற்றச் சேவைக்கு எடுக்கும் காலம் பதினான்கு வேலை நாட்கள்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. நதீரா அதை நம்பினாள். எழுத்தை நம்பச் சொல்லித்தானே பிள்ளைகளுக்கு ஒன்பது வருஷமாகப் படிப்பிக்கிறாள்.

மார்ச்சில் போனபோது வாசலில் ஒரு பெண் கைகூப்பி, “வாங்க வாடிக்கையாளரே,” என்றாள். நதீரா பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். ஆசிரியரை ஆசிரியர் என்று சொல்வது அந்தக் கந்தோரில் நின்றுபோயிருந்தது. ஏப்ரலில் போனபோது இலக்கத் துண்டு எடுக்கச் சொன்னார்கள். மே மாதத்தில் இலக்கத் துண்டு எடுப்பதற்கு நிற்கிற வரிசைக்கும் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, போகும்போது ஒரு திருப்திப் படிவம் கொடுத்தார்கள்.

படிவத்தில் மூன்று முகங்கள் இருந்தன. ஒன்று சிரித்தது, மற்றது நன்றாகச் சிரித்தது, மூன்றாவது பல் தெரியச் சிரித்தது. வேறு முகம் இல்லையா என்று கேட்டாள். அழுகிற முகம் போன வருஷத்துப் படிவத்தில் இருந்ததென்றும், ஒருவரும் அதில் அடையாளம் போடாததால் தேவையில்லை என்று எடுத்துவிட்டதென்றும் சரீப் சொன்னான். போன வருஷத்துப் படிவங்களை நிரப்பியது யார் என்று அவள் கேட்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டதிலேயே அது விளங்கிவிட்டது. முதலாவது முகத்தில், அது கொஞ்சமாகத்தான் சிரிக்கிறது என்ற ஆறுதலோடு, அடையாளம் போட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

செப்டெம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சரீப் போன் எடுத்தான். கடிதம் கையெழுத்தாகிவிட்டது, திங்கட்கிழமை காலையில் வரட்டுமாம் என்றான். நதீரா போனை வைத்துவிட்டு இரண்டு ரக்அத் தொழுதாள். திங்கள் மெஷின் நாள். கடிதம் எடுக்கப் போவதா, அவனோடு போவதா என்று அவள் தடுமாறியபோது பாயிஸ்தான் தள்ளிவிட்டான்.

“போய் வாங்கிட்டு வா புள்ள. இனி எத்தின திங்கள் வரப் போகுது, எல்லாத்துக்கும் நீதானே வரப் போறா.”

எத்தனை திங்கள் என்று அப்போது எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கந்தோரின் மண்டபத்தில் மேடை போட்டிருந்தார்கள். பூச்சாடி, கொடி, கமராக்காரன். கந்தோர் ஆட்கள் எல்லோரும் ஒரே நிறச் சட்டையில் நின்றார்கள். நதீராவைக் கூட்டிப் போய் நடுவில் நிறுத்தினார்கள். ஸமட் சேர் ஒலிவாங்கியைப் பிடித்து, ஒரு கணவனும் மனைவியும் பிரிந்திருப்பதை இந்த நிர்வாகம் ஒருநாளும் பார்த்துக்கொண்டிருக்காது என்று சொல்லி, கடிதத்தை அவளுடைய கையில் கொடுத்தார். நதீரா வாசித்தாள். அவளுடைய பெயர், கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர், கையெழுத்து, முத்திரை, அன்றைய திகதி. எல்லாம் சரியாக இருந்தது. கமரா மின்னியது. கைதட்டினார்கள்.

பிறகு ஸமட் சேர் கையை நீட்டி, கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

கைதட்டல் சரியில்லையாம், பிந்தித் தொடங்கியதாம். மறுபடியும் வரச் சொன்னார். நதீரா வாசலுக்குப் போய், மஞ்சள் கோட்டில் நடந்து வந்து, மறுபடியும் கடிதத்தை வாங்கினாள். மறுபடியும் கொடுத்தாள். மூன்றாந்தரம் வாங்கியபோதுதான் அவளுக்கு இது என்னவென்று விளங்கத் தொடங்கியது. கடிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

“இது நல்லா இரிக்கி,” என்றார் ஸமட் சேர் மனம் நிறைந்து. “இந்தக் கண்ணீரை அன்றைக்கும் மறந்திரக் கூடாது டீச்சர்.”

குழு புதன்கிழமை வருகிறதாம். அவர்களுக்கு முன்னால்தான் கடிதம் கையளிக்க வேண்டுமாம். சேவை நடப்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும், பார்க்காத சேவைக்குப் புள்ளி கிடையாது. நதீரா இரந்து கேட்டாள். கடிதத்தை இன்றைக்கே தாருங்கள், புதன்கிழமையும் வந்து உங்களிடமே திரும்ப வாங்குகிறேன், அழவும் செய்கிறேன் என்றாள். ஸமட் சேரின் முகம் சுருங்கிவிட்டது. அவர் உண்மையாகவே நொந்துபோனார்.

“அது நாடகமாப் போயிரும் டீச்சர். நாங்க எதையும் உண்மையாச் செய்யுறவங்க.”

கடிதம் கசங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போய், எதிர்காலத் திட்டங்களுக்குள் போனது. சாவி ஸமட் சேரின் பைக்குள் போனது.

வீட்டுக்கு வந்தபோது பாயிஸ் கையில் பஞ்சுக் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தான். நிறம் வெளிறிப் போயிருந்தது. வாசலில் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டதுமே தலையைத் தூக்கினான்.

“கிடைச்சிட்டா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது, மூன்று தரம் கையில் வாங்கியவள். புதன்கிழமை வந்தால் பொய்யும் போய்விடும்.

“ஓம் மச்சான். கிடைச்சிட்டு.”

அவன் சிரித்தான். உம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னான். அயல் வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னான். அன்றைக்கு மாமியார் முட்டையும் சர்க்கரையும் அடித்து வட்டலப்பம் அவித்தாள். தின்னக் கூடாத பாயிஸ் ஒரு கரண்டி தின்றான்.

அடுத்த நாள் ஐந்து மணிக்கு அவள் சாரி உடுத்தபோது அவன் கண்ணைத் திறந்து பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பாரம் கொடுக்க வேண்டும் என்றாள். வகுப்புப் பதிவு, வாசிப்புப் புத்தகம், தளபாடப் பட்டியல் எல்லாம் எண்ணி ஒப்படைக்க இரண்டு மூன்று நாள் எடுக்கும் என்றாள். அவன் ஓம் என்றான், பாரம் கொடுக்காமல் வர ஏலாதுதானே என்று அவளுக்காக அவனே நியாயமும் சொன்னான்.

புதன்கிழமை குழு வரவில்லை. மதிப்பீட்டுக் குழுவை மதிப்பிடத் திருகோணமலை மாகாணக் கந்தோருக்கு வேறொரு குழு வந்திருந்ததாம். அடுத்த புதனுக்குத் தள்ளிப் போட்டார்கள். அந்தப் புதனும் வரவில்லை. இந்தத் தரம் தள்ளிப் போடச் சொன்னது ஸமட் சேரே. முதல் நாள் பெய்த மழையில் வாசலில் போட்ட மஞ்சள் கோடு காயவில்லை. காயாத கோட்டில் குழு மிதித்தால் தடம் விழும், தடம் விழுந்தால் புள்ளி போகும். நதீரா ஒவ்வொரு நாளும் போன் எடுத்தாள். சரீப் ஒவ்வொரு நாளும் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னான். வீட்டில் பாரம் கொடுத்து முடியவில்லை. தளபாடப் பட்டியலில் இரண்டு வாங்கு குறைகிறது என்றாள், பிறகு அதிபர் லீவு என்றாள். ஒன்பது வருஷம் சிவப்புக் கோடு வாங்கியும் பொய் சொல்லிப் பழகாதவளுக்கு, அந்தப் பத்து நாளில் பொய் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது.

இடையில் ஒரு வியாழன் பௌர்ணமிப் போயா விடுமுறையாக வந்தது. அன்றைக்கு அவள் அவனோடு போனாள். நாலு மணித்தியாலமும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, பழைய எஞ்சின் கதைகள் சொன்னான். கடலுக்குள் நின்றுபோன எஞ்சினை நீந்திப் போய்த் திருத்தியதைச் சொன்னான். அவள் சிரித்தாள். இடமாற்றத்தைப் பற்றி அன்று முழுக்க அவன் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும். கேட்காததை அவள் அல்லாஹ்வின் உதவியாக எடுத்துக்கொண்டாள்.

அடுத்த திங்கள், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அதிபர் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.  கையில் இருந்த போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மெஷினில் இருக்கும்போதே பாயிஸுக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. வாங்கில் இருந்த உம்மாவைக் கூப்பிடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அவள் வந்து சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி வைத்திருந்தார்கள். முகத்தைக் காட்டினார்கள். அஸர் தொழுகையோடு ஜனாஸாவை ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. அவன் கடைசி நேரத்தில் யாருடைய கையைத் தேடியிருப்பான் என்ற நினைப்பு அவளைப் பிடித்துத் தின்னத் தொடங்கியது. அழுகை வந்தது, நின்றது, பிறகும் வந்தது. அதற்கு யாரும் கைதட்டவில்லை என்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அன்றிலிருந்து நதீரா இத்தா இருந்தாள். புருஷன் மவுத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்க மாட்டாள், அந்நிய ஆண்களின் முன்னால் வர மாட்டாள். அறை வாசலில் வெள்ளைத் திரை தொங்கியது. இந்தக் காலத்துக்கு அரசாங்கம் முஸ்லிம் பெண்களுக்கு லீவு கொடுக்கிறது. அதிபர் அந்த விண்ணப்பத்தை மறுநாள் காலையில் அனுப்பினார். அதற்கடுத்த நாள் காலையில் அனுமதிக் கடிதம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. கொண்டு வந்தது சரீப்.

மாமி தேத்தண்ணி போட உள்ளே போனதும் அவன் திரைக்கு வெளியே நின்று, தலையைக் குனிந்துகொண்டு கதைத்தான். குழு வரத்தான் போகிறது. ஒத்திகையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, கடிதம் அன்றைக்கே கையளித்தாயிற்று என்று மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்கள். படத்தில் இருக்கும் டீச்சரைக் குழு கட்டாயம் சந்திக்க வேண்டுமாம், இங்கேயே வருவார்கள்.

“உள்ளதைச் சொல்லிருங்க டீச்சர். கையெழுத்து வெச்ச கடிதம் இன்னும் நாப்பத்தொண்டு அதுக்குள்ள கிடக்கு. நான் சொன்னா என்ட வேலை போயிரும். நீங்க சொன்னா அந்த அலுமாரியத் திறந்துதான் ஆகணும்.”

நதீரா சொல்வதாகச் சொன்னாள். நாற்பத்தொரு பேரில் எத்தனை பேருடைய வீட்டில் ஒரு பாயிஸ் படுத்திருக்கிறானோ என்று யோசித்தாள். என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் மனசுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்தாள்.

ஆனால் ஒவ்வொரு நாளும் மையத்து வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் மாமி ஒவ்வொருவரிடமும் ஒரே கதையைச் சொன்னாள். என் மகன் நிம்மதியாகப் போனான், பெண்சாதிக்குக் கிட்ட மாத்தம் கிடைத்துவிட்டது, இனிப் பயமில்லை உம்மா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான், அந்தச் சிரிப்போடு போனான். கேட்டவர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். மகனைப் பறிகொடுத்த மனிசிக்கு ஊன்றி நிற்க அந்த ஒரு கம்புதான் இருக்கிறது என்று நதீராவுக்குத் தெரிந்தது. அதைத் தன் கையாலேயே எப்படிப் பிடுங்குவது?

இத்தாவின் இருபத்து மூன்றாம் நாள் குழு வந்தது, கூடவே ஸமட் சேரும் கந்தோர் ஆட்களும். முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு லொறி. லொறியில் கந்தோரிலிருந்தே கதிரைகள் வந்தன, ஒவ்வொன்றிலும் ‘கதிரை’ என்று இருந்தது. மாமி நதீராவுக்குப் பக்கத்தில், திரைக்கு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள். குழுத் தலைவர் கனகரெத்தினம் மட்டக்களப்புப் பக்கத்தவர், முப்பது வருஷம் அதிபராக இருந்துவிட்டு மதிப்பீட்டுக்கு வந்தவர். முதலில் பாயிஸைப் பற்றி விசாரித்து, தாயிடம் மன்னிப்புக் கேட்பது போலப் பேசினார். அதற்குள் ஸமட் சேர் எழுந்துவிட்டார்.

“சேர், ஒரே வாடிக்கையாளருக்கு நாங்க ரெண்டு சேவை செஞ்சிரிக்கம். கணவர் உயிரோட இரிக்கக்குள்ள கேட்ட இடமாற்றம், அதுக்கு ஏழு மாசம் எடுத்த. கணவர் மவுத்தானதுக்குப் பிறகு கேட்ட லீவு, அதுக்கு இருபத்து மூணு மணித்தியாலம்தான் எடுத்த. ஒரே வருஷத்துல இவ்வளவு முன்னேற்றம் எந்த வலயத்துல சேர் காட்டேலும்? இப்படியான சந்தர்ப்பம் எங்களுக்கு இன்னும் நாலஞ்சு கிடைச்சா, மாகாணத்துலயே இல்ல, நாட்டுலயே முதலாவதா வருவம்.”

ஒரே நிறச் சட்டைகள் கைதட்டப் போயின. மையத்து வீடு என்று யாரோ ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும், கைகள் அரைவழியில் நின்றன.

கனகரெத்தினம் கடிதத்தின் கந்தோர்ப் பிரதியைக் கையில் எடுத்து, படிவத்தைத் திறந்தார். திரையின் பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மற்றவர்களைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொன்னார்.

“புள்ள, அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க. இந்தக் கடிதத்தில போட்டிரிக்கிற திகதியில இது உங்கட கைக்குக் கிடைச்சதா? இல்லை எண்டா இல்லை எண்டுதான் எழுதுவன். ஆரும் உங்களை ஒண்டும் செய்ய ஏலாது.”

நல்ல மனிதர். எழுதுவார், அலுமாரியைத் திறக்க வைப்பார். ஒரு சொல்தான் வேண்டும். நதீரா மாமியைப் பார்த்தாள். மாமி தஸ்பீஹைப் பிடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னால் இந்த மனிசியின் மகன் பொய்யை நம்பி, ஏமாந்து செத்தவனாகிவிடுவான். அந்தச் சிரிப்பும் இல்லாமல் போய்விடும்.

“கிடைச்ச சேர்,” என்றாள் நதீரா. “அண்டைக்கே கிடைச்ச.”

 கனகரெத்தினம் எதையோ எதிர்பார்த்து வந்தவர் போல, இன்னொருக்கால் கேட்டார். அவள் இன்னொருக்கால் சொன்னாள். அடுத்த கேள்வி சேவையின் பயனைப் பற்றியது. இடமாற்றம் கிடைத்த பிறகு எத்தனை முறை கணவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகக் கிடைத்தது என்று கேட்டார்.

“ஒருக்கா,” என்றாள். அது மட்டும் உண்மை.

அவர் எழுதினார். பேனா ஓடுகிற சத்தம் திரைக்கு உள்ளே கேட்டது. ஸமட் சேர், ஒன்றோ ஆயிரமோ பயன் பயன்தான் சேர் என்றார். கனகரெத்தினம் எழும்பி, சலாம் சொல்லிவிட்டு நடந்தார். கதிரைகளை லொறியில் ஏற்றத் தொடங்கினார்கள்.

மாமி அவளுடைய முழங்கையைப் பிடித்தாள். பிடி இறுக்கமாக இருந்தது.

“ஏன் மகள் பொய் சொன்ன? உங்களுக்குக் கிடைக்கல்லதானே?”

நதீரா மாமியின் பக்கம் திரும்பினாள்.

“அவனுக்கு அடுத்த நாளே தெரியும் மகள். மாத்தம் கிடைச்சவ காலத்தால அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஓடுவாளா எண்டு கேட்டான். நம்பின மாதிரி இரிங்க உம்மா, பாவம், அவள் என்ட முகத்தப் பாத்துத்தான் சொல்லிட்டாள், எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சா உடைஞ்சிருவாள் எண்டான். அவன் சொன்னதுக்காகத்தான் வாற போறவங்களுக்கெல்லாம் நான் அப்படிச் சொல்லிட்டு இரிந்த. உங்கட மனசு ஆறட்டும் எண்டு.”

அந்தப் போயா நாளில் அவன் ஏன் எஞ்சின் கதை மட்டும் சொன்னான் என்று நதீராவுக்கு இப்போதுதான் விளங்கியது. கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டி வரும் என்று கேட்காமல் இருந்திருக்கிறான். ஒருவருக்காக ஒருவர் காத்த பொய்யை, கடைசியில் அவள் கொண்டுபோய் ஸமட் சேரின் கேடயத்துக்குக் கொடுத்துவிட்டாள். வெளியே ஜீப்பை ஸ்டார்ட் செய்தார்கள்.

“சேர்,” என்று கூப்பிட்டுக்கொண்டு எழும்பினாள். ஜீப்பின் இரைச்சலில் அது வெளியே கேட்கவில்லை. மாமி ஏலாத காலை ஊன்றி எழும்புவதற்குள் ஜீப் ஒழுங்கை முனையில் திரும்பும் சத்தம் கேட்டது. நதீரா திரை வரைக்கும் ஓடி வந்து, துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைத் தாண்டி வெளியே வர அவளுக்கு இன்னும் மூன்று மாதமும் பதினேழு நாளும் இருந்தன.